ஐம்பதடி அண்ணன் ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கதை

தாம்பரத்துக்குத் தெற்கே, ஒரு பொருளை வாங்குவதற்காக அதை விட்டு ஓடியவர் ஒருவர்தான். அவர் எங்கள் மெல்லிசைக் குழுவின் பேஸ் கிடார்க்காரர்; பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம் அவருடையது. எதையும் ஐம்பதடி தள்ளி நின்று கேட்ட பிறகே வாய் திறப்பார் என்பதால் அவருக்கு ஐம்பதடி அண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் அவருடைய ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ரேடியோ வாங்கினால் ஐம்பதடி. மின்விசிறி வாங்கினாலும் ஐம்பதடி. பெண் பார்க்கப் போன வீட்டில், பெண் பாடத் தொடங்கியதும் எழுந்து தெருமுனை வரை போய்விட்டு வந்துதான் சம்மதம் சொன்னாராம். மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று அதற்குள் அங்கே ஒரே அழுகையாம். நான் அங்கே இல்லை, ஆனாலும் நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குழுவில் அவர் இடத்துக்கே ஆபத்து வந்தது. குழுத்தலைவரை நாங்கள் மாஸ்டர் என்போம். அவர் புது கீபோர்டு வாங்கியிருந்தார். "இடது கையாலயே பேஸ் வாசிச்சிடலாம். அதுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு?" என்றார். அண்ணனின் பழைய ஆம்ப்ளிஃபயரும் அந்த நேரம் பார்த்து உயிரை விட்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினோம். புது ஆம்ப்ளிஃபயர் வாங்குவது. பீர்க்கன்கரணைக் கோயில் திருவிழாக் கச்சேரியில் பேஸ் சரியாகக் கேட்டால் அண்ணன் இருப்பார், இல்லையென்றால் கிளம்பிவிடுவார்.

சேலையூர் கடைக்கு மாஸ்டர், அண்ணன், குழுவின் அறிவிப்பாளனான நான், மூவரும் போனோம். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் கிடாரைச் செருகி அண்ணன் ஒரு தந்தியைத் தொட்டார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மாஸ்டர் சொக்கிப்போனார். அண்ணன் கிடாரை என் கையில் திணித்து, "இதே தந்திய நிறுத்தாம தட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு கேம்ப் ரோட்டைக் கடந்து ஓடினார். அவருக்காக ஒரு பஸ் நின்றது.

"இன்னா சார், அவரு வாங்க வந்தாரா, ஓட வந்தாரா?" என்றார் கடைக்காரர்.

அண்ணன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "கேக்கல மாஸ்டர். இங்க நாலு சுவரும் சேர்ந்து முழங்குது. மைதானத்துல சுவர் ஏது? அந்தப் பெரிய பெட்டிதான் சரி."

"அதை ஏத்தினா வேன்ல நாம எங்க உக்கார்றது?"

சின்னதே முடிவானது. நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திருவிழாவில் முதல் பாட்டு. அண்ணனின் விரல் ஓடுகிறது, தந்தி ஆடுகிறது, சத்தத்தைக் காணோம். எல்லாம் மைதானத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் போய்விட்டது. மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது கையை மெதுவாகக் கீபோர்டில் இறக்கினார். இரண்டாம் பாட்டு முடிந்தபோது அண்ணனும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை. மனம் உடைந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன். பந்தல் போட்டவர் தொடங்கி ஒருவர் விடாமல் நன்றி சொல்லி நேரத்தைக் கடத்தினேன்.

மூன்றாம் பாட்டில் தரை அதிர்ந்தது. பேஸ் செருப்பு வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. மாஸ்டர் இடது கையைத் தூக்கி, அது தன்னுடையதுதானா என்று பார்த்தார்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். கோயில் மதிலின் இரண்டு சுவர் சேரும் மூலையில் ஆம்ப்ளிஃபயரைத் தரையோடு வைத்து, ஒரு செங்கல்லில் உட்கார்ந்து, அண்ணன் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐம்பதடி போய்க் கேட்டுட்டு வா."

சுண்டல் வண்டியைத் தாண்டி ஓடினேன். கேட்டேன். திரும்பி வந்து, "நல்லா கேக்குதுண்ணே" என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

விழாக் கமிட்டித் தலைவர், "அந்த இடது கை இருக்கே!" என்று மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். மாஸ்டர் மறுக்கவில்லை. ஆனால் வேனில் ஏறியதும் அதைக் கழற்றி அண்ணன் தோளில் போட்டார். ஆளைக் குறைக்கும் பேச்சு அதோடு நின்றது.

அண்ணன் காலமாகிப் பல வருடம் ஆகிறது. இப்போதும் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் நான் முதலில் மேடையைப் பார்ப்பதில்லை. பின்னால் போய்ச் சுவர் மூலையை எட்டிப் பார்த்துவிட்டு, ஐம்பதடி நடந்துபோய் நின்று கேட்கிறேன். திரும்பி வந்து சொல்லத்தான் ஆள் இல்லை.