திருகைத் தொட்டது யார்?

அன்று காலை சாப்பாட்டு மேஜையில் ஓங்கிக் குத்திச் சபதம் செய்தேன். "என் டிரம் மெஷின் ஒழுங்கா 'டும்'னு சொல்ற வரைக்கும் இந்த மேஜையில யாரும் சாப்பிடக் கூடாது!"

"குத்தினது போதும். ரெண்டு சாமான் கீழ விழுந்துடுச்சு," என்றாள் மனைவி, தட்டைக் கையில் ஏந்தியபடி. கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறோம்.

மேஜை முழுக்க என் ஒயர்கள். நடுவில் நானே பற்றவைத்த சர்க்யூட் பலகை. பொத்தானை அழுத்தினால் மின்சாரமே முரசு கொட்ட வேண்டும். ஒவ்வொரு ஓசைக்கும் எறும்பு அளவில் ஒரு திருகு உண்டு. அதை மயிரிழை திருப்பினால் 'டும்' கச்சிதமாக நிற்கும். கொஞ்சம் கூடினால் 'டூஊஊம்' என்று கன்றைத் தொலைத்த மாடு மாதிரி கதறும். குறைந்தால் வெறும் 'டுக்'.

தினமும் மாலையில் மேஜை விளக்கைப் பலகைக்கு மேலே இழுத்து வைத்து, மூச்சை அடக்கித் திருகுவேன். 'டும்!' தேன்! காலையில் எழுந்து அழுத்தினால் 'டுக்'.

எனக்கு ரத்தம் கொதித்தது.

"திருகைத் தொட்டது யாரு?"

"யாரு தொடுவா? எனக்கு வேற வேலை இல்லையா?"

"தூசி தட்டறேன்னு துணியால இழுத்திருப்பே!"

"அந்தப் பக்கம் துணி போய் எவ்வளவு நாளாச்சு! வேணும்னா தூசியையே கேளுங்க, சாட்சி சொல்லும்."

"பொய்!"

"ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்."

விடுவேனா? அன்று மாலை திருகி முடித்ததும், அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு வைத்தேன். காய்ந்துவிட்டால் அசையாது. யாராவது திருப்பினால் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு விரிசலும் இல்லை. பொத்தானை அழுத்தினேன். 'டுக்'.

ஸ்க்ரூடிரைவரை வீசி எறிந்தேன். அது சுவரில் பட்டுத் திரும்பி என் காலிலேயே விழுந்தது. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

"நீ ஏதோ செஞ்சிருக்கே!"

"நான் செஞ்சா சரியாயிடும். செய்யட்டுமா?"

"நீயா? எங்க, செஞ்சு காட்டு! செஞ்சுட்டா மெஷினை நீ சொல்ற இடத்துல வெக்கறேன்!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறினா மீசையை எடுத்துடறேன்!"

"அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றபடி விளக்கைப் போட்டாள். பிறகு தட்டோடு உள்ளே போய்விட்டாள். நிதானமாகச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொத்தானை அழுத்தினாள்.

'டும்!'

நானும் அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் 'டும்!'

"விளக்குச் சூட்டுல உக்காந்து திருகறீங்க. அணைச்சதும் ஆறிப்போகுது. சூடான காபியும் ஆறின காபியும் ஒண்ணா?"

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீங்க எங்க கேட்டீங்க? குத்தம்தானே சொன்னீங்க!"

பல்லைக் கடித்தேன். "சரி, எங்க வெக்கணும்?"

"மொட்டை மாடியில வெந்நீர் பாய்லர் ரூம் இருக்கே. எந்நேரமும் ஒரே சூடு. மெஷினுக்கு ரொம்ப நல்லதுங்க."

முணுமுணுத்துக்கொண்டே பலகை, ஒயர், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் மாடிக்குச் சுமந்தேன். அந்தச் சூட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பாலிஷைச் சுரண்டி, திருகைத் திருப்பி அழுத்தியபோது... 'டும்! டும்! டும்!' எத்தனை தடவை அழுத்தினாலும், எப்போது அழுத்தினாலும், சுத்தமான 'டும்'!

வெற்றி! படிக்கட்டின் உச்சியில் நின்று கத்தினேன். "கேக்குதா?"

கீழே மேஜைமேல் தட்டுகளை அடுக்கும் சத்தம் நின்றது.

"ஒண்ணுமே கேக்கலைங்க!"

இத்தனை சந்தோஷமாக அவள் எனக்குப் பதில் சொல்லி வருஷக்கணக்காகிறது.