டப்பா அல்வாவும் தெருவில் நின்ற சம்பந்திகளும்

சமையல் குறிப்பு எழுதி அனுப்புகிறவர்களுக்குப் பயமே இருக்காது. அடுப்பும் வயிறும் அடுத்த வீட்டுக்காரருடையதுதானே. நானும் அப்படித்தான் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் 'சட்டுன்னு ஒரு பலகாரம்' போட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டிக்கு நடுவில் காராச்சேவை நொறுக்கிப் போட்டு சாண்ட்விச், மிஞ்சின இட்லியில் பக்கோடா (இதற்கு யாராவது சால்வை போர்த்துவார்கள் என்று எதிர்பார்த்தேன்). போட்ட உடனே சிவப்புச் சிவப்பாக இதயம் வந்து குவியும்.

அந்த வாரம் போட்டது டப்பா அல்வா. கண்டென்ஸ்டு மில்க் டப்பாவைப் பிரிக்காமல் குக்கரில் வைத்து, தண்ணீர் ஊற்றி வேகவிட்டு, ஆறியதும் திறந்தால் அல்வா. பந்தல்குடியில் இருக்கும் என் தம்பி பொண்டாட்டி செல்விதான் முதல் ஆளாக இதயம் போட்டாள். சனிக்கிழமை அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அன்று காலையில் போன் பண்ணி, "மதினி, டப்பா வாங்கியாச்சு. நீங்க வெரசா வாங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டவுனைத் தாண்டியதும் ஒரு தண்ணீர் லாரி, அதைச் சுற்றி ஒரே குடமாக நின்றது. பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. டப்பா முழுக்க முங்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி முதலில் சொன்னதே அதுதான். நான் அதை எழுதவே இல்லை. எங்கள் பக்கம் அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் முருங்கைக்கு. இதில் ஒரு தகர டப்பாவைக் குளிப்பாட்ட யாருக்கு மனசு வரும்? செல்வி ஒரு டம்ளர் ஊற்றுவாள். அதையும் யோசித்துத்தான் ஊற்றுவாள்.

போன் அடித்தேன். அவள் எடுக்கவில்லை. தம்பியும் எடுக்கவில்லை. (இருந்தால்தானே எடுப்பார்கள் என்றது என் பாழாய்ப்போன மனசு.) குக்கர் மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது கண்முன்னால் ஓடியது. கண்டக்டரிடம், "கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"முன்னால ஆடு போகுதுக்கா. எறங்கி அதுககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றார்.

இறங்கியதும் ஓடினேன். வீட்டுக்குள் மாப்பிள்ளை வீட்டார் பட்டும் வேட்டியுமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, அடுப்படியில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய ஓடுங்க, வெடிக்கப் போகுது" என்று கத்தியபடி மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து இழுத்தேன். டம்ளரோடு வந்தார்கள். மாப்பிள்ளை செருப்பில்லாமல் வெயிலில் குதித்தார். பதறி ஓடிவந்த பெண்ணை அவர்கள் தெருவிலேயே பார்த்து முடித்தார்கள். செல்வியை மட்டும் காணோம்.

என்னை நம்பி அடுப்பில் வைத்தவளாயிற்றே. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு (முந்தானை என்ன இரும்பிலா நெய்தது?) அடுப்படிக்குள் பாய்ந்து கேஸை அணைத்தேன்.

செல்வி கரண்டியோடு நின்றாள். "ஏன் மதினி அணைச்சீக? சுண்டலுக்குக் கடலை இன்னும் வேகலயே."

"டப்பா எங்கடி?"

"பால்காரர் வரல. அதான் பிரிச்சு டீயில ஊத்திட்டேன்."

"அப்ப அல்வா?"

"ஒரு டப்பாவ வேக வைக்கத் தண்ணிக்கு எங்க போறது மதினி? கடையில மிச்சர் வாங்கியாச்சு."

"பின்ன எதுக்கு இதயம் போட்ட?"

"நீங்க என்ன போட்டாலும் போடுவோம்ல. யாரு செஞ்சு பாக்குறா?"

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். உயிரோடு இருக்கிறாளே என்று பாதி அழுகை. இத்தனை நாளில் ஒருத்தியும் என் பலகாரத்தைச் செய்து பார்த்ததில்லையே என்று மீதி.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. (அந்த டப்பா டீயின் ருசியில்தான் மாப்பிள்ளையின் அம்மா விழுந்துவிட்டார்களாம்.) அவர்களையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். போன வாரம் நான் கேழ்வரகு லட்டு போட்டேன். கொஞ்ச நேரத்தில் செல்வியின் மகளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மாமியார், புருஷன், அவள், மூவரும் வெயிலில் நடுத்தெருவில் நிற்கிறார்கள். கீழே எழுதியிருந்தாள்: "அத்தை, நாங்க எல்லாரும் வெளிய வந்துட்டோம். இப்பச் சொல்லுங்க, எப்படிச் செய்யணும்?"