கறுப்புக் கட்டையும் நாலு எருமையும்

நாடு விடுதலை அடைந்து இருபத்தேழு வருஷம் கழித்து, நானும் விடுதலை அடைந்துவிடுவது என்று தீர்மானித்தேன். நாட்டுக்கு வெள்ளைக்காரன். எனக்கு நாச்சம்மாள்.

தப்பாக நினைக்காதீர்கள். நாச்சம்மாள் நல்லவள். தொந்தரவே அதுதான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நாலு எருமையையும் கறந்து, சாணி வழித்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து, கடலைக்காய்க் காட்டுக்கும் போய்விடுவாள். இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் ஏழு மணி வரை தூங்குகிறவன் எப்படி நிம்மதியாகத் தூங்குவான்?

என் பெயர் அர்த்தநாரி. பாதிக்குப் பாதி என்று சாமியே பங்கு வைத்த பெயர். எங்கள் வீட்டுப் பங்கு வேறு. காடு அவள், எருமை அவள், எங்கள் ஊர் வடகரப்பதியில் நல்லது கெட்டதுக்குப் போய் வருவது அவள். ஆர்மோனியம் மட்டும் நான். இளவட்டத்தில் ஒரு நாடக செட்டில் மூன்று வருஷம் வாசித்தேன். செட்டு கலைந்தபோது பெட்டி என்னோடு வந்துவிட்டது. பதினோரு வருஷமாக நாச்சம்மாள் அதைத் தொட்டதில்லை. "சாணிக் கை" என்று சொல்லி நான் தொட விட்டதில்லை.

சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியார் வேண்டும் என்று பேப்பரில் பார்த்த அன்றைக்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளிர், மலை, தனி அறை. எழுப்ப ஆளில்லை. உட்கார்ந்த சூட்டில் விண்ணப்பம் எழுதினேன். பதினோரு வருஷம் சொல்லிக் கொடுத்த அனுபவம் என்று ஒரு போடு போட்டேன். கடைசி வரியை மிகவும் யோசித்து எழுதினேன்: 'எருமைகளை மனைவி பார்த்துக்கொள்வதால் தனியாக வந்து தங்கச் சம்மதம்.'

கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். விலாசத்தை இங்கிலீஷில் எழுதினேன், நாச்சம்மாளுக்குப் புரியக் கூடாதே! சொசைட்டிக்குப் போகிற வழியில்தான் தபால் பெட்டி.

"நாச்சா, இதைப் பத்திரமாப் பொட்டில போட்டுரு."

"யாருக்குங்க?"

"ஆர்மோனியத்துக்கு ரீடு வாங்கோணும். கம்பெனிக்கு."

"செரிங்க."

மூன்றாவது வாரம் பதில் வந்தது. 'விண்ணப்பங்கள் கிடைத்தன' என்று பன்மையில் ஆரம்பித்திருந்தார்கள். மரியாதை தெரிந்த எஸ்டேட் என்று பூரித்துப் போனேன். அடுத்த வரியில் பூரிப்பு இறங்கியது. சீமைக்கே திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒரு பியானோவை விட்டுவிட்டுப் போயிருக்கிறாராம். ஆகவே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல் கற்பிக்கத் தெரிய வேண்டுமாம். ஹெட்மாஸ்டர் சூசையப்பன் என்பவர் இரண்டு மாதம் கழித்து நேரில் வந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பாராம்.

எனக்குத் தெரிந்தது வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை. ஆர்மோனியத்தில் விரலுக்கு அடியில் இருப்பதற்கு வேறென்ன பெயர்? ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று சொன்னால் எந்தப் பாட்டுக்காரனும் பாடுவான். இது என்ன ஷார்ப்? வாசலில் நடந்துகொண்டே, "ஷார்ப்பு... ஃப்ளாட்டு... நேச்சுரலு..." என்று முனகினேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, ரீடு கம்பெனில அதையெல்லாமுங்களா கேக்கறாங்க?"

"உனக்கென்ன தெரியும்?"

"எங்க ஹாஸ்டல்ல நாலாங் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்க. கோயமுத்தூர்ல. எட்டாவது வரைக்கும் பியானோப் பக்கத்துலதானுங்க நின்னு பாடுவேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

எட்டாவது வரை படித்தவளுக்கு இங்கிலீஷ் விலாசம் படிக்கத் தெரியுமே என்று அப்போதே மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. எனக்கு அங்கே வேறு மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவளிடம் நேராகக் கேட்பதா? அதைவிட எருமையிடம் கேட்கலாம். ஒரு திட்டம் போட்டேன். தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திரட்டி, பொழுது சாய எங்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் உட்கார வைத்தேன்.

"நாச்சா, இந்தப் பொடுசுகளுக்கு ஆரம்பப் பாடம் நீ எடு. பெரிய பாடம் வாரப்ப நானு எடுத்துக்கறேன்."

"பெட்டியத் தொடலாமுங்களா?"

"கையக் கழுவிட்டுத் தொடு."

ஆசாரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எருமைகளைக் கட்டும் கட்டுத்தறை. அங்கே நின்றால் பாடம் ஒரு சொல் விடாமல் கேட்கும். ஆனால் சும்மா நின்றால் சந்தேகம் வருமே! சோளத்தட்டு அள்ளிப் போட்டேன். சாணி வழித்தேன். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தேன். பாடம் நீளும் நாளில் கறக்கவும் செய்தேன். பாடம் தினமும் நீண்டது. இடுப்பில் நோட்டும் காதில் பென்சிலும் வைத்துக்கொண்டு எருமை கறந்த ஒரே சங்கீத வித்துவான் நானாகத்தான் இருப்பேன்.

"ராசம்மா, இது யாரு ஊடு?" என்று ஒரு சிறுமியைக் கேட்டாள் நாச்சம்மாள்.

"சி ஊடுங்க."

"அதுக்கு அடுத்த வெள்ளை?"

"டி ஊடுங்க."

"ரெண்டுக்கும் நடுவால இருக்கற கறுப்பு? சி ஊட்டுக்காரன் ஒரு படி மேல ஏறுனா இங்க வந்து நிப்பான். அப்ப இதும் பேரு சி ஷார்ப். டி ஊட்டுக்காரன் ஒரு படி கீழ எறங்குனாலும் இங்கதான் வந்து நிப்பான். அப்ப டி ஃப்ளாட்."

"ஒரே கட்டைக்கு எதுக்குங்க ரெண்டு பேரு?"

"உங்கம்மா என்னைய என்னன்னு கூப்புடறா?"

"நங்கைன்னுங்க."

"எங்க பொறந்தவன் ஊட்டுல அம்முணிம்பாங்க. அதுக்குன்னு நானென்ன ரெண்டு ஆளா?"

"ஒரே ஆளுதானுங்க."

"அவ்வளவுதான். இந்தக் கட்டையும் அப்படித்தான்."

"அப்ப நேச்சுரலுங்க?" என்றான் கருப்புசாமி என்ற பொடியன்.

"ஏறுனது போதும், எறங்குனது போதும், உன்ற ஊட்டுக்கே வந்து சேருன்னு கூப்புடறது."

"எங்கய்யனக் கள்ளுக்கடைல இருந்து எங்காத்தா கூப்புடற மாதிரிங்களா?"

"அதேதான் சாமி."

பத்துப் பிள்ளைகளும் சிரித்தன. பிறகு அவள் வாசித்துக் காட்டினாள். நான் கறப்பதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷம் நாடக செட்டில் நான் வாசித்ததெல்லாம் பெட்டியை மிதிப்பதுதான் என்று அப்போது புரிந்தது. பொறாமையாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பதினோரு வருஷமாகக் கையைத் தட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இதற்குள் செம்பி என்ற எருமை உதைத்ததால் மூன்றும் ஓடிவிட்டன.

ஒரே ஒரு நாள் பாடத்தைக் கேட்காமல் விட்டேன். அன்று மலைக் குளிருக்கு மப்ளர் வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தேன்.

"ஏனுங்க, இந்த வெய்யில்ல மப்ளர் எதுக்குங்க?"

"தொண்டைக்கு நல்லது."

"நல்லதுதானுங்க. மலைக்கும் ஆகும்."

எனக்குப் பகீரென்றது. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. தற்செயலாகச் சொல்லியிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இருந்தாலும் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் கட்டுத்தறைக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது.

சொன்னபடி இரண்டு மாதம் கழித்து சூசையப்பன் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, குடை, கக்கத்தில் ஒரு பை. கோயில் பாட்டுக் குழுவுக்கு இருபது வருஷம் பியானோ வாசித்தவராம். கேட்டதும் இடுப்பிலிருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"யாருங்க வந்திருக்கறது?" என்றாள் நாச்சம்மாள்.

"ரீடு கம்பெனிக்காரரு."

"அப்ப ரீடு கம்பெனிக்காரருக்குக் காப்பிங்களா, மோருங்களா?"

பத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டேன். நோட்டில் எழுதியதை எல்லாம் கொட்டினேன். ஏறினால் ஷார்ப், இறங்கினால் ஃப்ளாட், திரும்பி வந்தால் நேச்சுரல். கள்ளுக்கடை உதாரணத்தையும் என் சரக்கு போல அவிழ்த்துவிட்டேன். சூசையப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாந்தன்பாறைக் குளிர் காதில் வந்து அடிப்பது போல இருந்தது எனக்கு.

"நல்லாச் சொல்லுதீய. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இ-க்கு ஷார்ப் போட்டா எந்தக் கட்டை?"

பெட்டியைப் பார்த்தேன். இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பே இல்லை. இதில் என்ன கஷ்டம்?

"இ-க்கு ஷார்ப்பே கெடையாதுங்க. ஷார்ப்புன்னா கறுப்புல்லீங்களா? அங்க கறுப்பே இல்லீங்களே!"

சூசையப்பன் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ சொல்லு பாப்பம்."

ராசம்மாள் எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். "பக்கத்து வெள்ளையேதானுங்க சார். எஃப் ஊடு."

"எப்படி?"

"அங்க நடுவால சந்தே இல்லீங்க. ஒட்டுச் செவுரு. இ ஊட்டுக்காரன் ஒரு எட்டு வெச்சா நேரா எஃப் ஊட்டுக்குள்ளதான் நிக்கோணுமுங்க. ஷார்ப்புன்னா ஒரு எட்டு மேல போறதுங்க. கறுப்பா இருக்கோணும்னு சட்டமில்லீங்க."

"ஆருட்டப் படிச்ச இத?"

பத்து விரல்கள் நீண்டன. பத்தும் அடுப்படியைக் காட்டின. மப்ளர் வாங்கப் போன நாளில் நடந்த பாடம் அது!

நாச்சம்மாள் மோர்ச் சொம்போடு வந்தாள். சூசையப்பன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நாச்சம்மாளுங்கது நீங்கதானா? ரெண்டு அபேட்சையும் ஒரே கவர்ல வந்துச்சு. யாருன்னு பாக்கத்தான் இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தேன்."

பையிலிருந்து இரண்டு விண்ணப்பக் காகிதங்களை எடுத்து விரித்தார். ஒன்று என்னுடையது. மற்றதில் முத்து முத்தான கையெழுத்து. கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது: 'எருமைகளைக் கணவர் பார்த்துக்கொள்வதால் தனியாக வந்து தங்கச் சம்மதம்.'

"பதினோரு வருச அனுபவம்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அனுபவமே இல்ல, ஆனா தெரியும்னு ஒருத்தர் எழுதியிருக்காவ. எனக்குப் பாடம் தெரிஞ்சவங்கதான் வேணும்," என்று சொல்லிவிட்டு அவர் மோரைக் குடித்தார்.

அவர் போனதும் நான் குதித்தேன்.

"ஏம் புள்ளே, எனக்குத் தெரியாம இப்படிப் பண்ணலாமா?"

"நீங்க சொல்லித்தானுங்க போட்டேன். பத்திரமாப் போடச் சொன்னீங்க, பத்திரமாப் போட்டேன்."

"ரெண்டு போடச் சொன்னனா?"

"ஒரே ஸ்டாம்புதானுங்க. எடம் இருந்துது."

"பிரிச்சுப் பாத்தியா?"

"சோத்துப் பருக்கைங்க. அதும்பாட்டுக்குப் பிரிஞ்சுக்கிச்சு. படிச்சுப் பாத்தனுங்க. தனியாத் தங்கறதுக்கு அத்தனை ஆசையா எழுதியிருந்தீங்க. எனக்கும் ஆசை வந்துருச்சு."

கோபம்கூட முழுதாக வரவில்லை. பதினோரு வருஷத்தில் இவளுக்கு என்ன ஆசை என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? யோசித்தேன். இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் நான் என்ன புருஷன்? கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"செரி, நீ போ. எருமை? நாலு எருமையையும் ஆரு பாப்பாங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"அதுக்குத்தானுங்க ரெண்டு மாசமாப் பாடத்தை இழுத்து இழுத்து நடத்துனேன். கட்டுத்தறையில சாணி வழிக்கப் பழகிட்டீங்க. கொட்டை ஆட்டப் பழகிட்டீங்க. செம்பி இப்ப என்ற கைக்குப் பாலே எறக்கறதில்லீங்க. உங்க கைக்குத்தான் எறக்குது."

"அப்ப... நான் செவுத்துக்குப் பொறத்தால நின்னது..."

"நல்லாக் கேக்கோணும்னுதானுங்க சத்தமாச் சொல்லிக் குடுத்தேன்."

பங்குனியில் அவள் கிளம்பினாள். தகரப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நிஜமாகவே வந்தது. ஆனால் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் இல்லாத பியானோவை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கண்டக்டர் என் நல்ல வேட்டியையும் கையில் இருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு, "மேல ஏறுங்க சார், சார்தான மலைக்கு வாத்தியாராப் போறது?" என்றார்.

"இல்லீங்க," என்றேன். "எனக்கு எருமைக்குத் தண்ணி காட்டற நேரமுங்க."