சூரியத் தகட்டில் ஒட்டிய முகம்

கதிர்வாடி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. சரியாகத் தேடினேனா என்பதும் சந்தேகம்தான். அங்கே வெயில் ஏராளம். மின்சாரம் மட்டும் அபூர்வம்.

அந்நாட்டில் மாவரைத்து விற்றுப் பிழைத்த பூவாத்தாள், தன் கூரையில் ஒரு சூரியத் தகடு மாட்டினாள். கிரைண்டர் தடையின்றிச் சுற்றியது. அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள், அவளும் மாட்டினாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டார். ஒரே மாதத்தில் தெருவே கம்பிகளை இணைத்து மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொண்டது.

ஆற்றல் அமைச்சர் பதறிப்போய் வந்தார்.

"இதைப் பரப்ப உத்தரவிட்டது யார்?"

"யாருமில்லீங்க. பாத்தாங்க, மாட்டுனாங்க" என்றாள் பூவாத்தாள்.

"உத்தரவில்லாமல் ஒரு யோசனை வீடு வீடாக நடமாடுவதா? நாளை வேறு யோசனைகளும் கிளம்பிவிடுமே!"

எனவே ஆணை பிறந்தது: இனி இது மன்னரின் திட்டம், எல்லாத் தகடுகளிலும் மன்னரின் திருவுருவப் படம் ஒட்டப்படும். ஒட்டினார்கள். தகடு பாதி மறைந்தது. கிரைண்டர் முனகியது.

"ஏனுங்க, மொகத்துக்கு அடியில வெயிலு எப்படிங்க போவும்?"

அமைச்சர் வல்லுநர் குழு அமைத்தார். சூரியனுக்கு மன்னரை இன்னும் சரியாக அடையாளம் தெரியவில்லை என்று குழு ஒருமனதாகக் கண்டறிந்தது. படம் பெரிதாக்கப்பட்டது. கிரைண்டர் நின்றது. ஊறவைத்த அரிசி அரைபடாமலே புளித்தது. மாவு வாங்க வந்தவர்கள் வெறும் தூக்குவாளியுடன் திரும்பினார்கள். படத்தைக் கிழிப்பது ராஜதுரோகம் என்று இன்னோர் ஆணையும் வந்தது.

நல்லவேளையாகத் தேர்தல் வந்தது. கதிர்வாடியில் மன்னரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். மேடைகளில் வாக்குறுதிகள் முழங்கின. யாரும் காது கொடுக்கவில்லை. பூவாத்தாள் தையல்காரரிடம் இஞ்ச் டேப்பை இரவல் வாங்கி, மாலை போடும் சாக்கில் வேட்பாளர் ஒருவரின் முகத்தை அளந்தாள். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரி இன்னொருவரை அளந்தாள். யாரும் உத்தரவிடாமலே நாடெங்கும் முகங்கள் அளக்கப்பட்டன. மிகச் சிறிய முகமுடைய நறுங்கோ பெருவெற்றி பெற்றார்.

அவர் பதவியேற்ற மறுநாள் காலையிலேயே பழைய படங்கள் உரிக்கப்பட்டன. கிரைண்டர் சுற்றியது. தெரு ஆரவாரித்தது. மதியம் அதே அமைச்சர், இப்போது நறுங்கோவின் கட்சிக்காரராக, நான்கு பேர் சுமந்த ஒரு சுருளுடன் வந்து சேர்ந்தார்.

"புதிய மன்னர் மிகவும் அடக்கமானவர். படத்தில் தாம் மட்டும் இருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடும்பத்தோடுதான் ஒட்டவேண்டுமாம்."

பூவாத்தாள் சுருளின் தடிமனைப் பார்த்தாள்.

"மன்னருக்குக் கூடப்பொறந்தவங்க எத்தன பேருங்க?"