பிரித்துப் போட்ட அன்னம்

கோணலான ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற மனிதர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பஸ் டிக்கெட்டின் ஓரம் கோணலாகக் கிழிந்திருந்தால்கூட மடித்து நேராக்கிவிட்டுத்தான் பையில் போடுவேன். இந்தப் புத்தியால் நான் கெடுத்த காரியங்கள் பல. அதில் ஒன்றை மட்டும் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு தறி. மனைவி சரோஜா தலைப் பிரசவத்துக்கு மாகறலில் தாய்வீடு போயிருந்தாள். ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்ட முடியவில்லை. தறி சும்மா கிடந்தது. (தறி நின்றால் எல்லா நெசவாளியும் கவலைப்படுவான். நான் தறி ஓடும்போதே கவலைப்படுகிறவன்.) குழந்தை கொடி சுற்றிப் பிறக்குமோ, ஆறு பெருகி வண்டி நின்றுவிடுமோ, ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டால் பதற்றத்தில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போகுமோ என்று வரிசையாகப் பயம். கடைசிப் பயத்துக்கு நியாயம் உண்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சரோஜா எட்டு முடித்தவள். அந்த மூன்று வகுப்பு எங்களுக்கு நடுவில் எப்போதும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

தொட்டில் கட்டப் பழைய நூல் புடவை வேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பினார். சரோஜாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கொடுக்கிற கட்டம் போட்ட மேட்டித் துணி ஒன்று இருந்தது. நீல நூலில், பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்குமாகக் குத்திய தையலில் இரண்டு அன்னங்கள். ஒன்று முழுசு. எதிரில் இருந்ததற்குக் கழுத்து வரைதான், தலை இல்லை. போதாக்குறைக்கு முதல் அன்னத்தில் மேலே விழுந்த இழையெல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்க, இரண்டாவதில் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. எட்டு முடித்தவள் பாதியில் சலித்துப்போய், கோணலாகவும் போட்டு, மூட்டை கட்டியிருக்கிறாள்! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதை முடித்துக் கொடுத்தால் அந்த மூன்று வகுப்பையும் ஒரே தாவில் தாண்டிவிடலாம் என்று தோன்றியது.

தலையை மட்டும் போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நெசவுக்காரன் கண் விடவில்லை. புடவையில் ஓரிழை மாறினாலே முதலாளி தூக்கி மூஞ்சியில் எறிவார். இங்கே ஓர் அன்னமே மாறியிருக்கிறது. இரண்டாவது அன்னத்தை வால் முதல் கழுத்து வரை பிரித்தெடுத்தேன். ஓரிழை மிச்சம் இல்லை. புது நூலில் முதல் அன்னத்தின் சாய்ப்பிலேயே, தலையோடு, திரும்பப் போட்டேன். அத்தோடு கை நின்றதா? இரண்டுக்கும் சரிகை அலகு. சுற்றிலும் அரக்குப் பட்டில் கோபுரக் கரை. நடுவில் ஒரு தொட்டில். அதற்குக் கீழே, பிறக்கப்போகிற குழந்தையின் பெயருக்காகக் கொஞ்சம் இடம்.

அடுத்த தறி ஏழுமலை எட்டிப் பார்த்தான். "இன்னாபா இது? அன்னத்துக்கே முகூர்த்தப் புடவை கட்டி வுட்டுட்ட!"

"சரோஜாவுக்கு."

"வந்து பாத்துட்டு உன்னையும் கண்ணாடி போட்டு மாட்டப் போவுது, போ."

பிரித்த நூலை எறிய மனம் வரவில்லை. திரியாகத் திரித்து, சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று அம்மன் கோயிலில் ஐந்து விளக்குப் போட்டேன். நீலச் சாயம் போட்ட நூல் அல்லவா, கரும்புகை கிளம்பியது. "என்னய்யா திரி இது, இப்படிப் புகையறது!" என்று குருக்கள் இருமினார்.

பெண் குழந்தை பிறந்தது. கொடி சுற்றவில்லை, ஆறு பெருகவில்லை, கையெழுத்தும் முழுசாக வந்தது. பெயர் வைக்கிற நாளில், சட்டம் போட்ட அன்னத்தை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு மாகறல் பஸ் ஏறினேன். "சாமி படமா? முன்னாடி வந்து உக்காருபா" என்றார் கண்டக்டர். பக்கத்தில் இருந்த அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. மாகறல் வரை கடவுளை ஏமாற்றிக்கொண்டே போனேன்.

கூடம் நிறைய உறவுக்காரர்கள். எல்லார் முன்னாலும் துணியைப் பிரித்தேன். "மாப்பிள்ளையே போட்டாரா!" என்று ஒரே ஆச்சரியம். பெருமையில் என் கால் தரையில் பாவவில்லை.

மாமியார் மட்டும் இரண்டாவது அன்னத்தின் மேல் கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "சரோஜா, இது வசந்தா போட்டது இல்லியே."

சரோஜா குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டு குனிந்தாள். "ஏங்க, இது அந்தாண்ட சாஞ்சிக்கினு இல்ல இருந்திச்சு?"

"ஆமா, கோணலா இருந்திச்சு" என்றேன் பெருமையாக. "பூரா பிரிச்சிட்டேன். இப்ப பாரு, ரெண்டும் ஒரே சாய்ப்பு!"

மாமியார் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். சரோஜாவுக்கு வசந்தா என்று ஒரு தங்கை இருந்ததும், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போனதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

"அவளுக்குப் பீச்சாங்கைதாங்க வரும், அதான் அந்தாண்ட சாஞ்சிருந்திச்சு" என்றாள் சரோஜா. "ஸ்கூல்ல அடிப்பாங்கன்னு வூட்ல ஒளிஞ்சி உக்காந்து போடுவா. அது எனக்கு ஒரு அன்னம், அவளுக்கு ஒரு அன்னம். தலை போடறதுக்குள்ள படுத்துட்டா."

நான் அந்தச் சரிகை அலகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைக் கொத்தியிருந்தால் தேவலை.

"பரவால்ல. பிரிச்ச நூலு எங்க? அதுனாச்சும் குடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக, பொய் சொல்லத் தெரியவில்லையே என்று வருந்தினேன். "திரி போட்டுட்டேன். உனக்கு நல்லபடியா ஆவணும்னு... விளக்குக்கு."

சரோஜா குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வுடுங்க மாப்பிள்ளை. அவளும் அவங்க அக்காவுக்காகத்தான் எரிஞ்சிருக்கா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

குழந்தைக்கு வசந்தா என்றே பெயர் வைத்தார்கள். ஊர் திரும்பிய பின், சரோஜா சட்டத்தைக் கழற்றச் சொன்னாள். தொட்டிலுக்குக் கீழே நான் விட்டிருந்த இடத்தில் பெயரைத் தானே தைத்தாள். பழக்கமில்லாத இடது கையால், விரலெல்லாம் குத்திக்கொண்டு, பத்து நாள். எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். 'வ' வரியைவிட்டே இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வருகிறவர்கள், "ரெண்டு அன்னமும் அச்சு மாதிரி இருக்குதே!" என்று பாராட்டுவார்கள். நான் உள்ளே போய்விடுவேன். சுவர்ப் பக்கம் நான் கொஞ்சம் அதிகநேரம் நின்றால் போதும், என் மகள் வசந்தா கத்துவாள்: "அம்மா, அப்பா 'வ'வைப் பாத்துக்கினு இருக்காரு. ஊசிய எடுத்து ஒளிச்சி வையி!"

எல்லாரும் சிரிப்பார்கள். சரோஜாவும் சிரிப்பாள், சிரித்தபடியே ஊசிப் பெட்டியை எடுத்து மேல் பலகையில் வைத்துவிடுவாள்.