நிலம் தொட்ட கார்

புகையிலை முதலாளி செல்வரட்ணத்தின் சிவப்புக் கார் அவர் வீட்டு வாசற்படியிலேயே வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. முன்சில்லுகள் வளவுக்குள், பின்சில்லுகள் வெளியே ஒழுங்கையில்.

“தம்பி, உதென்ன காரோ, செருப்போ?” பக்கத்து வளவிலிருந்து அக்கா சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“ரேஸ் கார் அக்கா. பதிச்சுச் செய்தது. வளைவிலை கவிழாது.”

“எங்கடை ஒழுங்கையிலை வளைவே இல்லையே!”

காரை விற்ற கொழும்புப் பொடியன், பந்தயத்துக்காக ஸ்பிரிங்கை வெட்டி, கார் நிலத்தோடு ஒட்டி ஓடும்படி உயரத்தைப் பதித்ததாகப் பெருமையடித்தான். செல்வரட்ணம் அதையே குறையாக்கி, “ஓடியோடி அரைவாசி தேஞ்சுபோச்சு” என்று விலையை அடித்துக் குறைத்தார். பிடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதியும் வாங்கினார்.

ஆனால், லாபம் பார்க்காமல் அவர் வாங்கிய முதற் பொருள் அதுதான். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்துவிட்டார்கள். மிஞ்சிய இருவரும் “சோறு போடட்டோ?”, “ஓம்” என்ற அளவிலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூரையில்லாத, இரண்டே இரண்டு ஆசனமுள்ள காரைக் கண்டதும், மனைவி கனகாம்பிகையைப் பக்கத்தில் இருத்தி ஓடவேண்டும் என்று ஓர் ஆசை. அவளுக்குப் பிடிக்காவிட்டால் கார் கொழும்புக்கே திரும்பிவிடும்.

வாசற்படியை உடைத்தார். கார் உள்ளே வந்தது. அன்று பெய்த மழையில் ஒழுங்கைத் தண்ணீரும் பின்னாலேயே அடுப்படி வரை வந்தது.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. “இஞ்சை பார், இணுவில் கந்தசாமி கோயிலுக்குப் போவம். ஏறு.”

“ஏறவோ, இறங்கவோ?” ஆசனத்தைக் குனிந்து பார்த்துக் கேட்டாள் கனகாம்பிகை.

குறுக்கு வழியென்று தோட்ட ஒழுங்கையில் விட்டார். கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் வழிக்குக் குறுக்கே வாய்க்கால் வரம்பு கட்டியிருந்தார்கள். முதல் வரம்பிலேயே கார் உராய்ந்து நின்றது. பாரத்தைக் குறைக்கவேண்டும். நிலத்தோடு இருந்தவளை இரண்டு கையையும் பிடித்து இழுத்து எழுப்பினார். கார் தாண்டியது. அவள் மறுபடி இருந்தாள். அடுத்த வரம்பு வந்தது.

மூன்றாவது வரம்பில் தோட்டக்காரர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன முதலாளி, அம்மாவைக் கிணத்துக்குள்ளையிருந்தோ எடுக்கிறியள்?”

எழும்பச் சுகமாயிருக்கட்டும் என்று தன் ஆசன மெத்தையையும் அவளுக்கே அடியில் வைத்தார். தலை கண்ணாடிக்கு மேலே போய், காற்றில் கொண்டை அவிழ்ந்தது. ஐந்தாவது வரம்பில் மெத்தை வழுக்கி, அவள் முன்னிலும் ஆழத்தில் போய் மாட்டிக்கொண்டாள். இம்முறை கை போதவில்லை, கட்டிப்பிடித்துத்தான் தூக்கவேண்டியிருந்தது. தோட்டக்காரர்கள் மரியாதையாக மறுபக்கம் திரும்பி நின்றார்கள். அதுதான் அவருக்கு அதிக வெட்கம்.

“ஊர் சிரிக்குது, விடுங்கோ!” என்றாள். முழங்கால் நோவாக்கும், எழும்பிய பின்னும் அவர் கையை அவள் விடவில்லை.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து கதவு பூட்டியிருந்தது. கனகாம்பிகை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கண்டதும் செல்வரட்ணத்துக்கு மனம் விட்டுப்போயிற்று.

வெள்ளி விடிய எழும்பினால் வீட்டில் அவள் இல்லை.

“முதல் பஸ்ஸிலை போயிட்டாள். எங்கையெண்டு சொல்லேல்லை,” என்றாள் சின்னத்தங்கம். “உந்தச் செருப்புக்குள்ளை ஆர்தான் இருப்பினம்?”

அவளுடைய தாய்வீடு சாவகச்சேரியில்; அங்கேதான் போயிருப்பாள். முப்பது வருடத்தில் ஒருநாளும் அவள் சொல்லாமல் போனதில்லை. செல்வரட்ணம் சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு, காரோடு மருதனார்மடத்தில் மெக்கானிக் சிமியோனின் கராஜில் போய் நின்றார்.

“சிமியோன், காரை நாலு இஞ்ச் உயர்த்து. ஏலாதெண்டால் இண்டைக்கே திருப்பி அனுப்பப்போறன். கார் என்ன கார்! அவ கோவிச்சுக்கொண்டு தாய்வீட்டை போயிட்டா. நான் போய்க் கூட்டிவர வேணும்.”

சிமியோன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவரை ஒருமாதிரிப் பார்த்தான்.

“தாய்வீட்டையோ? அம்மா இப்பதானே முதலாளி இஞ்சை வந்திட்டுப் போறா. காரை இன்னும் ஒரு இஞ்ச் பதிக்கட்டாம்.”