சோபாவுக்கு எதுக்கு பட்டன்?

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ரந்தாவ் டவுனுக்குப் போய் சோபாவுக்குத் துணி வாங்கணும். அவ்வளவுதான்.

மலாயாவுல எமர்ஜென்சி காலம், காட்டுக்குள்ள கம்யூனிஸ்டுங்க, வெளிய போலீஸ். டவுனுக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல நான் கணக்கு எழுதற கிராணி. ஆபீஸ்ல உக்காந்து பேனா பிடிக்கறவன்னு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்தொரை சீமைக்குத் திரும்பும்போது, "கிராணி, இதை நீ வெச்சுக்க"ன்னு ஒரு பழைய சோபாவைக் கொடுத்துட்டுப் போனாரு. முதுகு பூரா துணியை உள்ள இழுத்து, குழி குழியா பட்டன் வெச்ச சோபா. உக்காந்தா நானே தொரை மாதிரி இருப்பேன். என்ன, எலிங்க அதுல ரொம்ப காலமா குடித்தனம் பண்ணியிருந்துச்சு.

அதைப் புதுசாக்க இப்ப என்ன அவசரம்னு கேக்கறீங்களா? ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி சரோஜாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க!

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில மருந்து கட்டற டிரஸ்ஸர். எங்க தோட்டத்துக்கு அம்மை ஊசி போட வந்தவரு. ஊசின்னாலே ஓடி ஒளியற சரோஜா, அன்னைக்கு ரெண்டு தடவை வரிசையில நின்னா. அவ மனசுல என்ன இருக்குன்னு இதுக்கு மேல யாரும் எனக்குச் சொல்லணுமா?

பிரச்சனை மாப்பிள்ளையோட அம்மாதான். லாபுங்கற ஊரு பக்கத்துல பொண்ணு பாக்கப் போன ஒரு வீட்டுல நாற்காலி ஆடுச்சாம். "உக்கார வைக்கவே தெரியல, இவங்க எங்க பொண்ணு வளத்திருக்கப் போறாங்க"ன்னு எழுந்து வந்துட்டாங்களாம். அதைக் கேட்டதுலேருந்து வீட்டுல இருக்கற ஒவ்வொரு நாற்காலியையும் ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பா அம்மா இல்லாத பொண்ணு. எனக்குக் கூடப் பொறந்தவ அவ ஒருத்திதான். இந்த சம்பந்தம் தவறிப் போச்சுன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

சோபா வேலைக்கு ரந்தாவ்ல நாற்காலி செய்யற ஆ சோங்கைப் பேசி வெச்சேன். "துணி வாங்கு, கெட்டியா நிறைய பட்டன் வாங்கு, மீதியை நான் பாத்துக்கறேன்"னாரு.

கிளம்பும்போது என் பொண்டாட்டி அஞ்சலை வாசல்ல வந்து நின்னா.

"ஏங்க, நல்ல செவப்பா எடுத்துட்டு வாங்க. மங்களமா இருக்கும்."

"சரி, சரி"ன்னேன்.

பஸ்ல போகும்போதுதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. எனக்குக் கஷ்டம் வர்றதெல்லாம் அப்பதான். செவப்பா? இந்த நேரத்துலயா? காட்டுக்குள்ள துப்பாக்கியோட இருக்கறவங்க கொடி செவப்பு. தொப்பியில நட்சத்திரம் செவப்பு. கிராணி வீட்டுக் கூடத்துல செவப்பு சோபான்னா ஊரு என்ன பேசும்? பொம்பளைக்கு என்ன தெரியும் அரசியல்!

டவுன்ல ராவுத்தரோட துணிக்கடையில அவரு செவப்பைத்தான் முதல்ல விரிச்சாரு.

"வேணாம் பாய். வேற காட்டுங்க."

நீலம் எடுத்தாரு. ஆஸ்பத்திரி ஞாபகம் வருதுன்னேன். வெள்ளை எடுத்தாரு. எழவு வீடான்னேன். ஆளு உயரத்துக்குத் துணி குவிஞ்சுது. அப்பதான் மேல் தட்டுல அந்தச் சுருட்டு கண்ணுல பட்டுச்சு. பூ கிடையாது, கோடு கிடையாது. ரப்பர் இலை மாதிரி அடக்கமான பச்சை. அழுக்கும் தெரியாது.

"அதை எடுங்க பாய்!"

ராவுத்தர் எடுக்கல. என்னைப் பாத்தாரு. "பச்சையா? கிராணியாரே, நல்லா யோசிச்சுக்குங்க. இதை ரொம்ப நாளா யாரும் தொடறதே இல்ல."

"அவங்களுக்கு ரசனை இல்ல பாய். சுருட்டு மொத்தமும் கட்டுங்க."

ஒரு பொட்டலம் பித்தளை பட்டனும் வாங்கினேன். ராவுத்தர் பெருமூச்சு விட்டு, "எதுக்கும் அடையாளக் கார்டைக் கையிலேயே வெச்சுக்குங்க"ன்னாரு. வாடிக்கைக்காரன் மேல எவ்வளவு அக்கறைன்னு நினைச்சுக்கிட்டேன்.

தோட்டத்து கேட்ல ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நின்னுக்கிட்டிருந்தான். காட்டுல இருக்கறவங்களுக்கு ஏதும் கடத்தறாங்களான்னு, ரப்பர் பால் வெட்டப் போறவங்க தண்ணி போத்தலைக்கூடத் திறந்து மோந்து பாக்கற ஆளு. மூட்டையைப் பிரிக்கச் சொன்னான். பிரிச்சேன். பச்சை. இன்னும் பிரிக்கச் சொன்னான். இன்னும் பச்சை. பிரிக்கப் பிரிக்க அவன் மூஞ்சி மாறிக்கிட்டே போச்சு.

"பையில என்ன?"ன்னு மலாய்ல கேட்டான்.

எடுத்துக் காட்டலாம்னு இழுத்தேன். பொட்டலம் கிழிஞ்சு பித்தளை பட்டன் எல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுச்சு.

அவன் துணியைப் பாத்தான். பட்டனைப் பாத்தான். என்னைப் பாத்தான். அப்பதான் எனக்கே புரிஞ்சுது. பச்சைத் துணி, பித்தளை பட்டன், அதுவும் ஒரு கும்பலுக்கே யூனிபார்ம் தைக்கற அளவுக்கு! காட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு சட்டை தைக்கக் கொடுக்கறேன்னு நினைச்சுட்டான்.

"ஐயோ, இது சோபாவுக்கு!"ன்னு கத்தினேன்.

"சோபாவுக்கு எதுக்கு பட்டன்? சோபா சட்டையா போடுது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்றதுக்குள்ள ஜீப்புல ஏத்திட்டாங்க.

ஸ்டேஷன்ல இருந்த இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். தோட்டத்துப் பிள்ளைங்களோட விளையாடி வளந்தவரு, தமிழ் தண்ணி பட்ட பாடு.

"சொல்லு கிராணி. சோபாவுக்கு எதுக்கு பட்டன்?"

வாயால சொன்னா விளங்காதுன்னு என் சட்டையைத் தூக்கி, தொப்பையில விரலை வெச்சு அழுத்திக் காட்டினேன். "ஐயா, இதுதான் சோபா. இங்க ஒரு பட்டனை வெச்சு உள்ள இழுத்தா குழி விழும். அப்புறம் இங்க ஒண்ணு. அப்புறம் இங்க..."

இன்ஸ்பெக்டர் என் தொப்பையை ரொம்ப நேரம் பாத்தாரு. "வா, உன் சோபாவைப் பாப்போம்"னாரு.

அப்பாடா! வீட்டுல சோபா இருக்கு. பாத்தா தெரிஞ்சுடும்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா சோபா இல்ல! நான் பஸ் ஏறினதுமே ஆ சோங் வந்து எல்லாத்தையும் உரிச்சுட்டு, துணி வந்ததும் கூப்பிடுங்கன்னு போயிட்டாராம். கூடத்துல வெறும் மரக்கட்டை நிக்குது. பக்கத்துல உள்ள அடைச்சிருந்த தேங்கா நாரு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு.

"இதுவா சோபா?"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

அஞ்சலை போலீசைப் பாக்கல. பச்சைத் துணியைத்தான் பாத்தா. "நான் செவப்பு வாங்கிட்டு வாங்கன்னுதானே சொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் டக்குன்னு திரும்பினாரு. "செவப்பா? உனக்கு எதுக்கும்மா செவப்பு?"

போச்சுடா! குடும்பத்தோட உள்ள போகப் போறோம்னு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றவங்களை யாரு வாங்கன்னு சொல்லுவா? ஸ்டேஷன் வாசல்லயா காப்பி கொடுக்கறது?

அப்ப சரோஜா பின்கட்டுலேருந்து ஓடி வந்தா. கையில ஆ சோங் உரிச்சுப் போட்ட பழைய துணி. அதை அப்படியே மரக்கட்டை மேல போத்தினா. கச்சிதமா உக்காந்துச்சு. குழிக்குக் குழி பழைய பட்டன் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு எலி மட்டும் உள்ளேருந்து எட்டிப் பாத்துட்டு ஓடுச்சு.

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. என் உசுரு திரும்பி வந்துச்சு.

"உன்னை விடறேன் கிராணி. ஆனா இந்தப் பச்சையை விட முடியாது. செவப்பும் உனக்கு வேணாம், நீ மறுபடி எங்கயாவது மாட்டுவ. எந்தக் காட்டுலயும் எவனும் ஒளிய முடியாத துணியா ஒண்ணு வாங்கு. வா, நானே வரேன்."

போலீஸ் ஜீப்புலேருந்து நான் இறங்கறதைப் பாத்ததும் ராவுத்தர் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. "ஐயா, நான் வேணாம்னுதான் சொன்னேன்! அல்லா சத்தியமா சொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் ரோட்டைத் தாண்டி எதிர்க் கடை வாசல்ல போய் நின்னுக்கிட்டாரு. ராவுத்தர் இந்தப் பக்கம் ஒவ்வொரு துணியா தூக்கிக் காட்டறாரு. பஸ்ஸுக்கு நிக்கறவங்க எல்லாம் வேடிக்கை பாக்கறாங்க.

"இது தெரியுதா ஐயா?"

"சுமாரா தெரியுது. வேற!"

கடைசியா ஒண்ணு விரிச்சாரு. மஞ்சக் கலர்ல முட்டைக்கோசு சைஸுக்கு ரோஜாப்பூ.

"கண்ணு கூசுது! இதான்! இதைக் கட்டு!"ன்னு அங்கேருந்தே கத்தினாரு இன்ஸ்பெக்டர்.

"இப்ப எல்லாருக்கும் இந்தப் பூதான் பிடிச்சிருக்கு கிராணியாரே. சேலைக்கு மெல்லிசுல, சோபாவுக்குத் தடிப்புல"ன்னாரு ராவுத்தர். எனக்கு எதுவும் காதுல ஏறல. வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு.

ஆ சோங் ராப்பகலா உழைச்சு சனிக்கிழமை முடிச்சுக் கொடுத்துட்டாரு. பூவும் பட்டனும் குழியுமா, சும்மா சொல்லக்கூடாது, கூடமே எரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை வந்துட்டாங்க. முதல்ல மாப்பிள்ளை. அடுத்து அவரோட அப்பா. அப்புறம் அந்தம்மா வாசப்படி ஏறினாங்க.

மஞ்சச் சேலை. முட்டைக்கோசு சைஸுக்கு ரோஜாப்பூ.

ஆம்பளைங்க ரெண்டு பேரும் நாற்காலியில உக்காந்தாங்க. அந்தம்மா நேரா போய் சோபாவுக்கு நட்டநடுவுல உக்காந்தாங்க. சோபா ஆடல. ஆனா ஆளைக் காணோம்! ஒரு தலையும் ரெண்டு கையும் மட்டும் பூந்தோட்டத்துல மிதக்குது.

சரோஜா காப்பித் தட்டோட வந்தா. பொண்ணு பாக்கற அன்னைக்குத் தலையைத் தூக்கக்கூடாதுன்னு அஞ்சலை சொல்லி வெச்சிருந்தா. குனிஞ்ச தலை நிமிரல. சோபாவைப் பாத்தா, பூதான் தெரிஞ்சுது. அப்படியே திரும்பி மாமனாருக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு கொடுத்துட்டு, அஞ்சலைகிட்ட சொன்னா:

"அண்ணி, ஒரு காப்பி மிஞ்சுது. அத்தை வரலையா?"

"நான் இங்கதான் இருக்கேன்"னுச்சு சோபா.

மாப்பிள்ளை குடிச்ச காப்பி மூக்கு வழியா வந்துடுச்சு. சரோஜாவுக்கு அழுகையே வந்துருச்சு. எனக்கும்தான். நான் போய் வாங்கிட்டு வந்த துணி, நானே என் தங்கச்சி வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்!

அந்தம்மா மெதுவா தன் சேலையைப் பாத்தாங்க. சோபாவைப் பாத்தாங்க.

"ராவுத்தர் கடையா?"

"ஆமாங்க."

"இந்தப் பூவு எனக்கு மட்டும்தான் வந்திருக்குன்னு சொன்னாரே, அந்த மனுசன்!"

சொல்லிட்டு, பொத்துக்கிட்டு வந்த சிரிப்புல குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. எந்தக் குலுக்கல் அவங்க, எந்தக் குலுக்கல் சோபான்னு இன்னும் எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு சரோஜாவைப் பக்கத்துல உக்கார வெச்சு, மிஞ்சின காப்பியை வாங்கிக் குடிச்சாங்க.

"கிராணி, பரிசம் போட வரும்போது இதுக்கு வேற துணி போட்டு வைங்க. அன்னைக்காவது நான் நாலு பேரு கண்ணுக்குத் தெரியணும்."

இந்தத் தடவை துணி வாங்க என்னை அனுப்பல. அஞ்சலை போனா. செவப்பு வாங்கிட்டு வந்தா. கேட்ல ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல.